காப்புக் கட்டிய வாரத்து பஸ்

ஜூன் 16, திங்கள்

துணி காயப் போட்டுக்கொண்டிருக்கும்போது ரசூல் பாயிடமிருந்து போன் வந்தது. தென்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். கல்யாணத்துக்கு முன்னால் அவர் கடையில்தான் வேலை பார்த்தேன். மருந்தாளுநர் படிப்பு படித்த பெண் இன்னும் சும்மாதான் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளக் கூப்பிட்டிருக்கிறார்.

"இப்ப இருக்கிற தம்பி ஜூலையோட வெளிநாடு போறாரும்மா. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி காலையில ஒம்பது மணிக்குக் கடையில ஆள் நிக்கணும். நீ வாரேன்னு சொன்னா வெளியில தேட மாட்டேன்" என்றார்.

பார்ப்போம் பாய் என்றேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

ஆவரங்காட்டிலிருந்து தென்பேட்டை பத்தொன்பது கிலோமீட்டர். மார்ச் மாதம் வரை காலையும் மாலையும் ஒரு டவுன் பஸ் வந்துபோனது. வசூல் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது ஒரே ஒரு மஞ்சள் வேன். அது நேரம் பார்த்துக் கிளம்பாது, ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். நிறைந்துவிட்டதா இல்லையா என்பதை வேன்காரர் ஒருவரே தீர்மானிப்பார். போன வாரம் தபால்காரர் மடியில் யாரோ ஒருவருடைய ஆட்டுக்குட்டி உட்கார்ந்து போனது. அதற்குப் பிறகும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்றாராம்.

அந்த வேன்காரர் பெயர் சுடலைமணி. பதினெட்டு வருஷமாக எனக்கு வீட்டுக்காரர்.

பாய் கூப்பிட்ட விஷயத்தை ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஜூன் 19, வியாழன்

ஜெபக்கனியக்கா பஸ் ஸ்டாப்பில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். "ஸ்டாப்பு இருக்கு, கட இருக்கு, நான் இருக்கேன். பஸ்ஸுதான் இல்ல" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா செல்வி, நீ படிச்சவ. பஸ்ஸு கேட்டு ஒரு மனு எழுதித் தா. கையெழுத்து நான் வாங்குதேன்."

"எக்கா, எங்க வீட்டுல வேன் ஓடுது."

"அதான் உன்ட்ட கேக்கேன். வேனுக்குள்ள என்ன நடக்குன்னு உனக்குத்தான் நல்லாத் தெரியும்."

பொதுக் காரியம். மறுக்க முடியவில்லை. வேன் இன்ஷூரன்ஸிலிருந்து மகன் ஹாஸ்டல் விண்ணப்பம் வரை எல்லாவற்றையும் நான் எழுதுவதால் என் கையெழுத்து வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். அதனால் இடது கையால் எழுதினேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல வந்தது. விஷயம் மட்டும் நன்றாக அமைந்தது. எழுதும்போது சிரிப்பு வந்ததை மறைக்க வேண்டியதாயிற்று. வீட்டில் யாரும் இல்லை, இருந்தாலும் மறைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். ரசூல் பாய்க்கு போன் செய்யவில்லை. நம்பரை மட்டும் எடுத்துப் பார்த்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

மனுவை யாரோ படம் எடுத்து ஊர் வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். ராத்திரி தோசைக்கு உட்கார்ந்தவர் போனை எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினார்.

"கேளுட்டி. 'மனிதர்களை மூட்டைகளைப் போல அடுக்கிச் செல்லும் தனியார் வாகனம்.' என்னயத்தான் சொல்லுதா. 'ஓட்டுநர் கடைசிப் பயணியை ஏற்றிய பிறகு தமக்கே உட்கார இடமின்றித் தவிப்பதை யாம் கண்டுள்ளோம்.' எப்ப பாத்தாளாம்?"

"போன பொங்கலுக்கு" என்று வாய்வரை வந்தது. தோசையைத் திருப்பினேன்.

"எவ எழுதுனாளோ, பெரிய திமிரு புடிச்சவளா இருப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நல்லா எழுதிருக்கா. யாமாம்!" என்றார்.

இன்னொரு தோசை போட்டேன். நெய்யும் விட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

டெப்போவுக்குப் போனோம். நானும் ஜெபக்கனியக்காவும் இன்னும் மூன்று பேரும். போவதற்கு வேறு வழியில்லை என்பதால் அவருடைய வேனிலேயே போனோம். வேனைப் பற்றிப் புகார் கொடுக்க வேனுக்கே காசு கொடுத்துப் போன ஊர் நாங்களாகத்தான் இருக்கும்.

"அஞ்சு பேரும் பட்டுச்சேல கட்டி எங்க போறிய?" என்றார் கண்ணாடியில் பார்த்து.

"கல்யாணத்துக்கு" என்றாள் ஜெபக்கனியக்கா.

"ஆனி மாசத்துல இன்னைக்கி எங்க முகூர்த்தம்?"

"பொண்ணு வீட்டுக்காரிய நாங்க. மாப்பிள்ள வீடு சம்மதிச்சாத்தான் முகூர்த்தம்." பின்சீட்டில் இருந்த மூன்று பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

டெப்போ மேலாளர் மனுவைப் படித்துவிட்டு, "பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம்.

"நீங்க அம்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அம்பதும் லேடீஸ். உங்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. உங்க ஊர் ஆம்பளைங்க ஒருத்தரும் பஸ்ல ஏற மாட்டேங்கறாங்க, பைக் வச்சிருக்காங்க. மேலிடத்துல என்ன கேட்பாங்க? வசூல் எங்கேன்னுதான் கேட்பாங்க. ஒண்ணு செய்றேன். ஒரு வாரம் வெள்ளோட்டம் விடறேன். காசு கொடுத்து ஏறுற கூட்டத்தைக் காட்டுங்க, பஸ் நிரந்தரமா வரும். காட்டலேன்னா இந்தப் பக்கம் வரக்கூடாது. எந்த வாரம் வேணும்?"

ஜெபக்கனியக்கா "நாளைக்கே" என்று வாயெடுத்தாள். அவள் காலை மிதித்துவிட்டு, "ஜூலை இருபத்தி மூணு, புதன்கிழமையிலருந்து" என்றேன்.

"ஏன் அந்த வாரம்?"

"அப்ப வெயில் கொஞ்சம் தாழும் சார்."

வெளியே வந்ததும் அக்கா சண்டைக்கு வந்தாள். அவள் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், அவளுக்கு எங்கள் கோயில் கணக்குத் தெரியாது. விளக்கிச் சொன்னேன். ஆடி மாதம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால், இருபத்திரண்டாம் தேதி பந்தக்கால் ஊன்றும் கால்நாட்டு. கோயிலுக்கு வரி கொடுக்கும் வீட்டு ஆண்கள் எங்கே வேலை பார்த்தாலும் அன்றைக்கு ஊருக்கு வந்தாக வேண்டும். வந்த பிறகு கொடை முடியும்வரை ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. மில்லில், செங்கல் சூளையில், ஜவுளிக்கடையில் தங்கி வேலை பார்க்கிற அத்தனை பேரும் தினமும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப வேண்டும். பைக்கில் போகலாம்தான். ஆனால் அந்த ஒரு வாரமும் செருப்புப் போடாத விரதம். வெறுங்காலால் கியர் மிதித்துப் பத்தொன்பது கிலோமீட்டர் போனவன் மறுநாள் பைக்கைத் தொட மாட்டான்.

ஜெபக்கனியக்கா நடுரோட்டில் நின்று என்னைப் பார்த்தாள். "ஏளா, நீ இந்த மூளைய வச்சிக்கிட்டு பதினெட்டு வருசமா வீட்டுல என்ன பண்ணுன?"

முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டேன். வெயில் அதிகமாக இருந்தது.

ஜூலை 5, சனி

வெள்ளோட்டச் செய்தி ஊரில் பரவிவிட்டது. அதிலிருந்து மூன்று நாளாக வேன் காலை எட்டு மணிக்குச் சரியாகக் கிளம்புகிறது. சீட்டுக்குப் புது உறை போட்டிருக்கிறார். குடிக்கத் தண்ணீர் கேன் வைத்திருக்கிறார். வயதானவர்களைக் கைபிடித்து ஏற்றுகிறாராம். ஆட்டுக்குட்டிகளுக்கு அனுமதி இல்லை.

பஸ் வருவதற்கு முன்னாலேயே பஸ்ஸால் ஊருக்கு நன்மை வந்துவிட்டது. ஆனால் இப்போது "வேனே நல்லாத்தான போவுது, பஸ்ஸு எதுக்கு?" என்று நாலு பேர் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஜெபக்கனியக்கா கடையில் நின்றே பேசுகிறார்கள். அவள் அவர்களுக்கு மட்டும் சட்னியில் தண்ணீர் விடுகிறாள்.

சாப்பிடும்போது நானும் சாதாரணமாகக் கேட்டேன். "இப்படியே எப்பவும் எட்டு மணிக்கு எடுப்பீங்களா?"

"வெள்ளோட்டம் முடியட்டும்ட்டி, பொறவு பாத்துக்கிடலாம்" என்றார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

ஜூலை 8, செவ்வாய்

ரசூல் பாய் மறுபடி கூப்பிட்டார். இன்னொரு பெண் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறாளாம். மாதக் கடைசி வரை பொறுப்பேன் என்றார். பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

பழைய மருந்துப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். செல்லரிக்கிறதா என்று பார்க்கத்தான்.

ஜூலை 12, சனி

கோயில் தலைவர் தளவாய் அண்ணாச்சி வீட்டுக்கு வந்திருந்தார். கொடையில் மாடசாமிக்குச் சாமியாடுவது என் வீட்டுக்காரர் குடும்பத்து உரிமை. இவருடைய சித்தப்பாதான் இத்தனை நாள் ஆடினார். போன வருஷம் அவருக்கு மூட்டு வலி, அதனால் பங்காளி மாசானம் ஆடினான். இந்த வருஷமும் சித்தப்பாவால் முடியாது.

"நீதான்டே மூத்தவன். நீ காப்புக் கட்டுனா ஊருக்கு நல்லாருக்கும்" என்றார் அண்ணாச்சி.

"வேன் ஓட்டம் இருக்கு அண்ணாச்சி. அடுத்த வருசம் பாப்போம்" என்றார் இவர். ஆறு வருஷமாக இதே பதில்.

நான் காபி கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு, "மாசானமே கட்டட்டுமே அண்ணாச்சி. போன வருசம் அவரு ஆடுனது சித்தப்பாவவிட நல்லாருந்துன்னு பொம்பளைய எல்லாரும் சொல்லுதாவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அடுப்படி வரை போயிருக்க மாட்டேன்.

"அவன் ஆடுனது ஆட்டமா? கொசு கடிச்சவன் மாதிரி குதிச்சான்! அண்ணாச்சி, எழுதிக்கிடுங்க. இந்த வருசம் காப்பு நான் கட்டுதேன்."

அண்ணாச்சி சந்தோஷமாகப் போனார். இவர் கண்ணாடி முன் நின்று மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்புக் கட்டிய சாமியாடி கொடை முடியும்வரை கோயிலிலேயே படுக்க வேண்டும், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பிறந்ததிலிருந்து அவருக்குத் தெரிந்த விஷயம்தான். இன்றைக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. ஞாபகப்படுத்துவது என் வேலை இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

விடிந்ததும் ஞாபகம் வந்துவிட்டது. பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு வாசலுக்கு வந்து வேனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கோலத்தில் ஒரு புள்ளி தவறிவிட்டதென்று குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்.

வேறு யாரிடமாவது வண்டியைக் கொடுக்கலாம். கொடுக்க மாட்டார். போன வருஷம் என் தம்பி ஒரு நாளைக்குச் சாவி கேட்டபோது, "கிட்னி கேளு மாப்பிள, தாரேன்" என்றவர்.

ஜூலை 22, செவ்வாய்

கால்நாட்டு நடந்தது. காப்புக் கட்டினார்கள். மஞ்சள் வேட்டியில் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் வந்து கும்பிட்டார்கள். வேனில் அவரிடம் தினமும் சில்லறைக்குச் சண்டை போடுகிறவர்கள்கூட. முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அப்படி இருந்தது.

ஜூலை 23, புதன்

பெரிய தப்பு நடந்துவிட்டது.

பஸ் நிறைய வேண்டும் என்று ஜெபக்கனியக்கா தெருத்தெருவாகச் சொல்லிவைத்திருந்தாள். காலை ஏழரைக்கே ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பூ வைத்து, பொட்டு வைத்து, கட்டுச்சோறோடு வந்துவிட்டார்கள். பஸ் வந்ததும் ஆரத்தி எடுத்தோம். எல்லோரும் ஏறினோம். ஜன்னல் பக்கம் எனக்கு இடம் கிடைத்தது. பஸ் கிளம்பிய பிறகுதான் பார்த்தோம். மில்லுக்கும் சூளைக்கும் போக வேண்டிய ஆண்கள் முப்பது பேர் வெறுங்காலோடு ரோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். படியில் தொங்கக்கூட இடமில்லை.

கண்டக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "யம்மா, ஒரு வண்டி நிறைய ஆளு. காசு குடுத்தது ரெண்டே பேரு. அதுல ஒண்ணு சேவலுக்கு லக்கேஜ்!"

பஸ் வேண்டும் என்று போராடிய பெண்களை, பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். "அப்ப என்னத்துக்குளா பஸ்ஸு?" என்று கேட்டவர்களுக்கு, ஒரு வாரம் ஏறாமல் இருந்தால் காலமெல்லாம் ஏறலாம் என்று ஜெபக்கனியக்கா சொன்னாள். அவளே பெரிய விரதமாக அறிவித்துவிட்டாள். வேதக்காரி சொன்ன விரதத்தை ஊர் ஏற்றுக்கொண்டது.

ஜன்னலில் நல்ல காற்று வந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

பஸ்ஸில் ஆண்கள் நிறைந்து போனார்கள். பெண்கள் நாங்கள் ஸ்டாப்பில் நின்று டாட்டா காட்டினோம்.

ஜூலை 26, சனி

நான்கு நாளாக வேன் வாசலில் நிற்கிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். தூசியாக இருந்தது, அவ்வளவுதான். ஸ்டியரிங்கையும் துடைத்தேன்.

கோயிலுக்குப் பழமும் பாலும் கொண்டுபோனபோது சாயங்கால பஸ் கோயிலைக் கடந்து போனது. இரண்டு படியிலும் ஆட்கள்.

"பஸ்ஸு காலியாக் காத்தாட வரும்னுல்லா நெனச்சேன்" என்றார். "எவளோ ஒருத்தி நாள் பாத்து வெள்ளோட்டம் வாங்கியிருக்கா. டெப்போக்காரனுக்கு இந்த மூள கெடையாது."

"பழம் சாப்பிடுங்க" என்றேன்.

"சாப்பிடுதேன், சாப்பிடுதேன்." என்னைப் பார்க்காமல் பழத்தை உரித்தார்.

ஜூலை 28, திங்கள்

வாரம் முடிய ஒரு நாள் இருக்கும்போதே டெப்போ மேலாளர் ஜெபக்கனியக்காவுக்கு போன் செய்துவிட்டார். ஆகஸ்ட் ஒன்று முதல் பஸ் நிரந்தரம். அவள் இட்லித் தட்டைக் கரண்டியால் அடித்து ஊருக்கு அறிவித்தாள். பெண்களுக்கு விரதம் முடிந்தது.

கோயிலில் அவரிடம் நானே சொன்னேன். காப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "கீழக்காட்டுல, உப்போடைல, வண்ணான்விளைல எல்லாம் பஸ்ஸு எங்க போவும்? அங்கருந்து நம்ம ஸ்டாப்புக்கு வேன் விட்டா ஓடும்" என்றார். உட்கார்ந்த இடத்தில் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நல்ல யோசனை என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அப்போது வேலை விஷயத்தையும் சொல்லியிருக்கலாம். பஸ் வந்தாயிற்று, வேனுக்கும் வழி பிறந்தாயிற்று. வாயைத் திறந்தேன். "எம் பொண்டாட்டி வேலைக்குப் போயித்தான் அடுப்பு எரியணும்னு ஊரு சொல்லக் கூடாது பாத்துக்க. அதான் யோசிக்கேன்" என்றார் அவராகவே.

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

கொடை.

உச்சி வேளையில் அவர்மேல் சாமி வந்தது. மாசானம் உட்பட எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், ஆட்டம் என்றால் இதுதான் ஆட்டம். மேளக்காரர்கள் வியர்த்து ஊற்றினார்கள். திருநீறு வாங்கவும் குறி கேட்கவும் வரிசை நின்றது. ஜெபக்கனியக்கா கோயிலுக்குள் வராமல் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க சாமி நேர்ல பேசாது. உங்களுக்கு வசதிதான்" என்றாள். அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

திருநீறு வாங்கத்தான் வரிசையில் நின்றேன். கேட்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை. என் முறை வந்தது.

"கேளு தாயி" என்றது சாமி.

"வேலைக்குப் போகணும் சாமி. தென்பேட்டையில, மருந்துக்கடைக்கு. உத்தரவு தரணும்."

மற்றவர்களுக்கெல்லாம் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துகொண்டிருந்தது. எனக்கு வரவில்லை. சாமி கண்ணை விழித்து என்னையே பார்த்தது. மேளக்காரர் அடியைக் குறைத்தார். பின்னால் வரிசை நெருங்கிக்கொண்டு வந்தது.

"எத்தன நாளா?" என்றது சாமி.

சாமி கேள்வி கேட்டு இன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

"ஒன்றர மாசமா கூப்புடுதாவ. ஆச பதினெட்டு வருசமா இருக்கு."

"வீட்டுக்காரன்ட்ட சொன்னியா?"

"சொல்ல வந்தேன் சாமி. அவுக டயரப் பத்திப் பேசிட்டு இருந்தாவ."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தளவாய் அண்ணாச்சி அதட்டினார். சாமி குதிக்கவில்லை, ஆடவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது. திருநீறை எடுத்து என் நெற்றியில் அழுத்திப் பூசியது.

"போயிட்டு வா. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லைக்குள்ள வந்துரணும்."

கும்பிட்டுவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. "சாயங்கால பஸ்ஸு ஆறே முக்காலுக்குத்தான் சாமி வருது."

மேளம் சுத்தமாக நின்றுவிட்டது.

"அப்ப ஆறே முக்கால்" என்றது சாமி.

குலவை போட்டார்கள். வேப்பமரத்தடியிலிருந்தும் ஒரு குலவை கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் ரசூல் பாய்க்கு போன் செய்தேன். வாரேன் பாய் என்றேன். அவர் இரண்டு தடவை ஹலோ ஹலோ என்றார்.

ஜூலை 30, புதன்

காலையில் காப்பு அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, சாயங்காலம் வரை தூங்கினார். எழுந்ததும் பார்க்க வந்தவர்களிடம், சாமி வந்தால் தனக்கு ஒன்றுமே தெரியாது, என்ன பேசினோம் என்பதெல்லாம் ஊர் சொல்லித்தான் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாமியாடிகள் எல்லோரும் சொல்வதுதான். சித்தப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

எல்லோரும் போன பிறகு என்னிடம், "நேத்து உனக்குச் சாமி என்னமோ சொல்லிச்சாமே. ஊரே பேசுது" என்றார்.

மருந்துக்கடை, ஒன்பது மணி, உத்தரவு கொடுத்தது, ஆறே முக்கால் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாகக் கேட்கிறவர் போலத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "சாமியே சொன்ன பொறவு நான் என்ன சொல்லக் கெடக்கு" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னொண்ணும் சொல்லிச்சு. இனிமே அரிசி ஊறப் போட்டு மாவு அரைக்கிறது உன் வீட்டுக்காரன் பொறுப்புன்னும் சொல்லிச்சு."

"அது சொல்லலியே!" என்றார் சட்டென்று.

அவர் ஃபேனைப் பார்த்தார். நான் வளையலைப் பார்த்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அடுப்படிக்குள் போனார். டப்பாக்களைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"ஏட்டி," என்று உள்ளிருந்து கேட்டார், "உளுந்து எதுல இருக்கு?"